முந்திரிகைத் தோட்டத்தடியில இருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மான்ர முழங்கால் நோ இப்ப எப்பிடி, எண்ணெய் பூசுறாவோ? அண்டைக்கு போனில நீங்கள் கேட்டதுக்கு நான் வடிவா மறுமொழி சொல்லேல்லை, லைனும் விட்டு விட்டு வந்தது, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன், தம்பியை பெரிய எழுத்தில பிறின்ற் எடுத்துத் தரச் சொல்லுங்கோ. "இவ்வளவு படிச்சு அப்புக்காத்தா வந்து, அங்கயும் போய் தோட்டத்திலயோ பிள்ளை நிக்கிறாய்" எண்டு கேட்டனீங்கள்.

ஓம் அப்பா, தோட்டத்திலதான் நிக்கிறன்.

இஞ்ச கலிபோர்னியாவில பிரெஸ்னோ பக்கம் முழுக்க முந்திரிகை, அதுதான் திராட்சைக் கொடி. எங்கட உரும்பிராய் மாதிரி தலைக்கு மேல பந்தல் இல்லை, கம்பி இழுத்து வரிசை வரிசையா கண்ணுக்கெட்டின தூரம் போகுது. ஓகஸ்ட் கடைசியில இருந்து குலையை வெட்டி, ரெண்டு வரிசைக்கும் நடுவில கடுதாசி விரிச்சு அதில பரவி விடுவினம், அது அப்பிடியே வெய்யிலில காஞ்சு பிளம்ஸா, உலர்ந்த திராட்சையா வரும். தைப்பொங்கலுக்கு கஜுவோட போடுறமே, அதேதான். ஒரு கடுதாசிக்கு இவ்வளவு சதம் எண்டு எண்ணித்தான் கூலி, அதால ஆக்கள் ஓடி ஓடி வெட்டுகினம், தண்ணி குடிக்க நிண்டாக்கூட காசு போகுது எண்ட பயம். அந்தப் பயத்துக்காகத்தான் 2016 ல இருந்து இஞ்ச ஒரு சட்டம் இருக்கு, எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யிறவைக்கு ஓய்வு எடுக்கிற நேரத்துக்கும் தனியாக் காசு குடுக்க வேணும், சம்பளத் துண்டிலயும் அதைத் தனியாக் காட்ட வேணும்.

நேற்று 105 பாகை பரனைற், எங்கட செல்சியஸ் கணக்கில 40 ஐத் தாண்டும். வெய்யிலுக்கும் கலிபோர்னியாவில சட்டம் இருக்கு அப்பா, 2005 ல வந்தது, வேற எந்த மாநிலத்திலயும் அதுக்கு முதல் இருக்கேல்லை, வெய்யில் தாங்காமல் தோட்டத்திலயே ஆக்கள் செத்த பிறகுதான் கொண்டுவந்தவை. 80 பாகைக்கு மேல போனா நிழல் போட வேணும், ஒரு ஆளுக்கு மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட ஒரு லீற்றர் குளிர்தண்ணி, 95 க்கு மேல போனா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 10 நிமிசம் கட்டாயம் ஆற விட வேணும். ஆனா பேப்பரில இருக்கிற நிழல் ஒருத்தற்ற தலைக்கும் வராது, ஆரும் போய் நிண்டு கேட்டாத்தான் வரும். சட்ட உதவி லோயரா என்ர வேலை அந்தக் கேக்கிற வேலைதான்.

போன கிழமை ஒரு அம்மா வந்தவ, பேர் சொல்லக்கூடாது, உங்கட வயசிருக்கும். எழுதத் தெரியாது, சின்னக் கொப்பி ஒண்டில ஒவ்வொரு நாளும் வெட்டினதுக்கு கோடு கோடாப் போட்டு வைச்சிருக்கிறா, அஞ்சு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. சம்பளத் துண்டில இருக்கிற கணக்கு அந்தக் கோடுகளை விடக் குறைய, ஓய்வு நேரத்துக்கு ஒரு சதம் இல்லை. நான் ஒவ்வொரு கோடா விரல் வைச்சு எண்ணினன், அவ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டே இருந்தா. இப்பிடிக் குடுக்காத சம்பளத்தை மூண்டு வருசத்துக்குள்ள கேக்கலாம், மனுப் போட்டிருக்கிறம்.

அவ கதைக்கிறது ஸ்பானிஷ் இல்லை, மிஸ்டெக் எண்டு மெக்சிக்கோவின்ர ஓவஹாக்காப் பக்கத்துப் பாஷை. எங்கட ஆக்கள் எல்லாம் மெக்சிக்கோக்காரர் எண்டா ஸ்பானிஷ்தான் எண்டு நினைக்கினம், நானும் அப்பிடி நினைச்சுத்தான் கஷ்டப்பட்டு ஸ்பானிஷ் படிச்சன். அவ சொல்லுறதை ஒருத்தர் ஸ்பானிஷில சொல்ல, அதை இன்னொருத்தர் இங்கிலீசில சொல்ல, அதுக்குப் பிறகுதான் விசாரிக்கிறவருக்குப் போய்ச் சேரும். முந்தி வேற இடத்தில அவவுக்கு விளங்காத கடுதாசியில கையெழுத்து வாங்கியிருக்கினம். எனக்கு அப்ப சித்தப்பான்ர ஞாபகம்தான் வந்தது, சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில என்ன இருக்கு எண்டு தெரியாமல் அவர் கையெழுத்து வைச்சிட்டு வந்து திண்ணையில ஒண்டும் பேசாமல் இருந்தது. நான் சட்டம் படிக்க வெளிக்கிட்டதே அந்த நாளாலதான், உங்களுக்கு இதை நான் ஒருநாளும் சொல்லேல்லை.

பழைய கதையும் கொஞ்சம் சொல்ல வேணும். இந்த நாட்டில 1935 ல சங்கம் வைக்கிற உரிமைக்குச் சட்டம் வந்தது, 1938 ல ஆகக்குறைஞ்ச சம்பளத்துக்கும் ஓவர்டைமுக்கும் வந்தது, ரெண்டிலயும் தோட்டத் தொழிலாளரை மட்டும் வெளியில விட்டிட்டினம். அந்த நேரம் தெற்கு மாநிலங்களில தோட்டவேலை செய்தது கனபேர் கறுப்பின ஆக்கள், அவையளை ஒதுக்கி வைக்கத்தான் அப்பிடிச் செய்தது எண்டு சரித்திரம் படிச்சவை சொல்லுகினம். 1965 ல டெலானோ எண்ட ஊரில பிலிப்பைன்ஸ்காரர் லாரி இட்லியோங் எண்டவரோட முதல்ல முந்திரிகை வேலையை நிப்பாட்டினவை, ஒரு கிழமையால சீசர் சாவேஸ் எண்ட தொழிற்சங்கத் தலைவரின்ர மெக்சிக்கோ ஆக்களும் சேர்ந்து அஞ்சு வருசம் நிண்டு 1970 ல ஒப்பந்தம் எடுத்தவை. டெலானோ எனக்கு கிட்டத்தான், காரில ஒண்டரை மணித்தியாலம்.

இன்னொண்டு, கட்டைப் பிடி போட்ட ஒரு களைகொத்தி இருந்தது. நாள் முழுக்க குனிஞ்சுதான் வேலை செய்ய வேணும், நிமிந்தா ஆர் வேலை செய்யேல்லை எண்டு மேஸ்திரிக்கு தூரத்திலயே தெரிஞ்சிடும். நாரி முறிஞ்சு நிமிர ஏலாமல் போனவை கனபேர். சட்ட உதவி லோயர்மார் டொக்டர்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து வாதாடி 1975 ல அதைத் தடை செய்விச்சவை. ஒரு பிடியின்ர நீளத்துக்கு ஒரு வழக்கு அப்பா! இதை முதல் முதல் வாசிச்ச அண்டைக்குத்தான் எனக்கு இந்த வேலைதான் எண்டு முடிவாச்சு.

கஷ்டமும் இருக்கு. எங்கட ஒபிசுக்கு மத்திய அரசின்ர காசு வாறதால கட்டுப்பாடு இருக்கு, 1996 ல இருந்து எல்லாருக்குமாச் சேர்த்து ஒரு வழக்கா நாங்கள் போடேலாது, விசாப் பேப்பர் இல்லாத ஆக்களுக்கும் சில விசயங்களைத் தவிர நிக்கேலாது. சம்பளம் குடுக்கேல்லை எண்டு அழுதுகொண்டு வாற மனிசியிட்ட முதல்ல பேப்பர் இருக்கோ எண்டு கேக்க வேண்டிக் கிடக்கு. இல்லை எண்டா வேற இடத்துக்கு எழுதிக் குடுத்து அனுப்புறன், அண்டைக்கு இரவு சாப்பாடு இறங்காது.

இப்ப நான் கேக்கப்போறது எங்கட தோட்டத்தைப் பற்றி. எனக்கு ஒன்பது வயசு இருக்கும், வெங்காயம் பிடுங்க வந்த பொம்பிளையளுக்கு அப்பாச்சி தேத்தண்ணி ஊத்துறதுக்கு எண்டு தாவாரத்தில ரெண்டு தகரப் பேணி செருகி வைச்சிருந்தவ. அவை குடிச்சு, அவையே கிணத்தடியில கழுவி, அதே இடத்தில கவிட்டு வைச்சிட்டுப் போவினம். ஏன் எங்கட பேணியில குடுக்கேல்லை எண்டு கேட்டன், அது அப்பிடித்தான் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். இஞ்ச தண்ணிப் போத்தல், நிழல் எண்டு ஒவ்வொரு தோட்டமா நான் கேட்டுத் திரியேக்க எனக்கு அந்தப் பேணிதான் கண்ணுக்குள்ள நிக்குது.

அதுகள் இன்னும் கிடந்தா எடுத்து எறியுங்கோ அப்பா. அம்மா அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிற கப்புகளில, நாங்கள் குடிக்கிற கப்புகளில குடுங்கோ. வெய்யில் ஏறினா மாமரத்துக்குக் கீழ கொஞ்சம் இருக்க விடுங்கோ. பொம்பிளையள் எண்டு கூலியைக் குறைக்காதேங்கோ, எத்தினை மணிக்கு வந்தவை எத்தினை மணிக்குப் போனவை எண்டு தம்பியைக் கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. டிசம்பரில வரேக்க நானும் வந்து ஊத்திக் குடுக்கிறன்.

விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேணும், இதோட நிப்பாட்டுறன். இதை வாசிச்சுக் கோவம் வந்தா போன் எடுத்துப் பேசுங்கோ, கதைக்காமல் மட்டும் இருந்திடாதேங்கோ.

உங்கட
மூத்த மகள்