தடை போட்டதும் எண்ணெய் மறைந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் "ரஷ்யா மீதான தடையால் விலை உயர்வு" என்று ஒரே வரியில் செய்தி போட்டுவிடுகிறீர்கள். நான் லாரித் தொழிலில் இருப்பவன், வாடகையில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது, அதனால் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எண்ணெய் நிஜமாகவே நின்றுபோவது வேறு, தடை போடுவது வேறு. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையை டிரோன்கள் தாக்கியபோது நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது, உலகத் தேவையில் ஏறத்தாழ 5 சதவீதம். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் பிரென்ட் (உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெய்) விலை ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்கு ஏறியது. ஆனால் சவூதி கையிருப்பை எடுத்துக் கொடுத்தது, ஆலையையும் வேகமாகச் சரிசெய்தது, சில வாரங்களில் விலை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

ரஷ்யாவின் கதை அப்படியல்ல. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 மார்ச் 7 அன்று பிரென்ட் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டதே, அன்றைக்கு ரஷ்ய எண்ணெய்க்கு ஐரோப்பா தடை போட்டிருக்கவே இல்லை, அமெரிக்காவே மறுநாள்தான் அறிவித்தது. நமக்கெதற்கு வம்பு என்று வங்கிகளும் கப்பல்காரர்களும் தாமாகவே ஒதுங்கினார்கள், அந்தப் பயம்தான் விலையைத் தூக்கியது. ஐரோப்பியத் தடையும், அமெரிக்கா உள்ளிட்ட ஜி7 பணக்கார நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்கு வைத்த 60 டாலர் விலை உச்சவரம்பும் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று. அப்போது விலை 80 டாலரை ஒட்டி இருந்தது, அடுத்த மார்ச்சில் 75-க்கும் கீழே போனது.

காரணம், அந்த உச்சவரம்பு எண்ணெயை நிறுத்துவதற்காகப் போட்டதே அல்ல. எண்ணெய் ஓடட்டும், ரஷ்யாவுக்குக் காசு குறையட்டும் என்பதுதான் கணக்கு. 60 டாலருக்கு மேல் விற்ற சரக்கை ஏற்றினால் மேற்கத்தியக் காப்பீடு கிடையாது என்றார்கள். உடனே பழைய டேங்கர்களை வாங்கி ஒரு நிழல் கப்பற்படையே கிளம்பியது. கிரீஸின் லகோனியா வளைகுடாவில் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தடித்த ரப்பர் குழாய் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரஷ்ய எண்ணெயை மாற்றினார்கள். இருக்குமிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு ஓடும் கப்பல்களும் இந்தப் படையில் உண்டு. பால்டிக் துறைமுகத்திலிருந்து ராட்டர்டாமுக்கு ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த எண்ணெய், குஜராத் துறைமுகங்களுக்கு வர ஒரு மாதம் போல ஆகிறது. எண்ணெயின் அளவு குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு கப்பலும் அதிக நாள் கடலில் மாட்டிக்கொள்கிறது, கப்பல் வாடகையும் காப்பீடும் ஏறுகின்றன. தடையின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. உங்கள் செய்திகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை.

ஈரான் விஷயத்திலும் இதேதான். 2018 அக்டோபரில் அமெரிக்கத் தடையை எதிர்பார்த்தே பிரென்ட் 86 டாலர் வரை போனது. நவம்பரில் தடை வந்தபோது இந்தியா உட்பட எட்டு நாடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், ஆண்டு முடிவதற்குள் விலை 50 டாலர் பக்கம் விழுந்தது.

சரி, நம் ஊர் பங்க்குக்கு வருவோம். 2022 மே 22 முதல் 2024 மார்ச் நடுப்பகுதி வரை உலகச் சந்தை அவ்வளவு ஏறி இறங்கியும் பங்க்கில் டீசல் விலை அசையவே இல்லை, சென்னையில் 94 ரூபாய் 24 காசு. முதலில் அது எங்களைக் காப்பாற்றியது உண்மைதான், 2022-இல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் பெரிய நஷ்டம், அதை மறைக்கவில்லை. ஆனால் 2023–24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 80,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டின. இறங்கிய விலையின் பலன் எங்களுக்கு வந்தது 2024 மார்ச்சில், லிட்டருக்கு 2 ரூபாய், அதுவும் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கும் நேரத்தில். கலால் வரி, நிறுவனங்களின் லாபம், தேர்தல் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எல்லாப் பழியையும் ரஷ்யத் தடைமேல் போடுவது வாசகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு வேண்டுகோள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையை மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் பிபிஏசி பிரிவு வெளியிட்டு வருகிறது. தினமும் நீங்கள் போடும் பெட்ரோல், டீசல் விலைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அந்த விலையையும், லிட்டருக்கு எவ்வளவு கலால் வரி, எவ்வளவு வாட் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
நாமக்கல்