கொழும்பில் றெஸ்லிங் நடத்தப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உம்முடைய திட்டத்தை வாசித்தேன். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மண்டபம், முந்நூறு டிக்கட், முடிவை முன்பே தீர்மானித்து ஆடும் றெஸ்லிங் காட்சி, இங்குள்ள பெடியன்களே மல்லர்கள். நல்ல விசயம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஈ கொம்பனியை வளர்த்த வின்ஸ் மக்மஹோன்தான் தெரிகிறார்: வாணவேடிக்கை, இராட்சதத் திரை, ஆளுக்கொரு நுழைவுப் பாட்டு. அவருக்குக் காசு வந்த வழி வேறு, உமக்கு வரப்போகும் வழி வேறு. யார் காசு கொடுக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடிதான் புரமோட்டரும் நடப்பான்.

1948இல் புரமோட்டர்களின் கூட்டமைப்பான என்டபிள்யூஏ உருவானபின் அமெரிக்கா பல புரமோட்டர்களின் எல்லைகளாகப் பிரிந்து கிடந்தது. அதே ஊர், அதே அரங்கு, அதே சனம். வாசல் வசூல்தான் வருமானம்; டிவி அந்த டிக்கட்டுக்கு விளம்பரம். சென் லூயிஸில் சாம் மச்னிக் என்ற புரமோட்டர் பெயரெடுத்தது இதில்தான்: அறிவித்த போட்டி நடக்கும், பிரதான போட்டிக்குத் தெளிவான முடிவு இருக்கும். நீர் படிக்கவேண்டிய ஆள் இவர்.

வின்ஸ் 1982இல் தகப்பனிடமிருந்து கொம்பனியை வாங்கினார். தகப்பன் மதித்த எல்லைகளை மகன் மதிக்கவில்லை. மற்றவர்களின் ஊர்களில் டிவி நேரம் வாங்கினார். வேர்ன் கானியா என்ற புரமோட்டரிடமிருந்து ஹல்க் ஹோகன் என்ற நட்சத்திர மல்லரை இழுத்தார். 1985 மார்ச் 31இல் றெஸில்மேனியா என்ற தன் பெரிய நிகழ்ச்சியை முதல் முறையாக நடத்தினார். பழையவர்களுக்காகக் கண்ணீர் விடவேண்டாம். அவர்களே கூடிப்பேசி ஊர்களைப் பங்குபோட்டவர்கள்தான்; 1956இல் அமெரிக்க நீதித் திணைக்களம் அவர்களைப் பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னது சும்மா அல்ல.

பிறகு வீட்டிலிருந்து காசு கட்டிப் பார்க்கும் காலம் வந்தது. பெரிய போட்டியைக் காசு வாங்காமல் காட்டக்கூடாது என்பது அப்போதைய முதல் விதி. வின்ஸின் போட்டிக் கொம்பனியான டபிள்யூசிடபிள்யூ 1998 யூலை 6இல் கோல்ட்பேர்க் - ஹோகன் போட்டியைத் தன் வாராந்த டிவி நிகழ்ச்சியான நைற்றோவில் இலவசமாகக் கொடுத்தது. அன்றிரவு ரேட்டிங் கிடைத்தது. மாதக்கணக்கில் விற்றிருக்கவேண்டிய போட்டி ஒரே இரவில் கரைந்தது. அதைவிட எனக்கு ஆத்திரம் அதே கொம்பனி 1997 டிசம்பரில் நடத்திய ஸ்ராகேட் நிகழ்ச்சி மேல். ஸ்டிங் என்ற மல்லர் ஒரு வருடத்துக்கு மேல் சண்டை பிடிக்காமல் ஹோகனைத் துரத்தினார். தோள் தரையில் பட்டதும் நடுவர் மூன்று வரை வேகமாக எண்ணி ஸ்டிங்குக்கு அநியாயம் செய்வதாகக் கதை. அவர் எண்ணியதோ வழமையான வேகத்தில். பார்த்தவர்களுக்கு ஸ்டிங் ஒழுங்காகத் தோற்றதுபோலத்தான் தெரிந்தது. ஆகவே முடிவை நடுவருக்கு முன்கூட்டியே சொல்லும். எண்ணும் வேகத்தை வளையத்தில் நின்று ஒத்திகை பாரும்.

ஈசிடபிள்யூ என்ற சிறு கொம்பனியை நடத்திய போல் ஹேமன் மல்லனின் பலவீனத்தை மறைத்து பலத்தைக் காட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் அங்கே கொடுத்த காசோலைகள் திரும்பின. 2001இல் கொம்பனி வங்குரோத்து. ரோனி கான் 2019இல் ஏஈடபிள்யூ என்ற கொம்பனியைத் தொடங்கியவர், குடும்பச் சொத்து இருப்பதால் நட்டம் தாங்குவார். அவரிடம் ஆட்கள் கூடிப்போய், நல்லவர்களும் வாரக்கணக்கில் காணாமல் போகிறார்கள். உம்முடைய பட்டியலிலும் இருபத்திரண்டு பேர்! ஆறு போட்டி, இரண்டு மணித்தியாலம், போதும்.

இன்று டபிள்யூடபிள்யூஈக்கு நெட்ஃபிளிக்ஸ் றோ என்ற வாராந்த நிகழ்ச்சிக்காகப் பத்து வருடத்துக்கு ஐந்து பில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கிறது. வாசலில் டிக்கட் வாங்குபவன் முன்போல அவசியமில்லை. ஆனாலும் 2024 பெப்ரவரியில் றெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸ் என்ற மல்லருக்குரிய பிரதான போட்டியின் இடத்தை பழைய நட்சத்திரம் றொக்குக்குக் கொடுக்கப் பார்த்தபோது சனம் கத்தியது, திட்டம் மாறியது. அங்கே கதைகளைத் தீர்மானிக்கும் டிரிபிள் எச்சுக்கு அதில் ஒரு மதிப்பெண் போடலாம்.

இனி வளையம். குத்துச்சண்டை வளையத்தை வாடகைக்கு எடுக்கவேண்டாம்: தரை விழுவதற்கேற்ற நெகிழ்வில்லாதது, கயிறுகள் ஓடிச் சாய்ந்து திரும்பத் தாங்காது. டபிள்யூடபிள்யூஈ வளையம் 20 அடிச் சதுரம்; உமக்கு 16 அல்லது 18 போதும். இரும்புச் சட்டகம், மேலே பலகை, மெல்லிய பஞ்சு, இறுக்கிய கன்வஸ், மூன்று கயிறு. முதலில் மண்டபக் கூரையை அளவும். மேடை மூன்றரை அடி, மூலைக்கம்பம் நாலரை அடி, அதன்மேல் ஆறடிப் பெடியன்: தலை 14 அடியில். நம் மண்டபங்களில் மின்விசிறி அங்கேதான் சுற்றும். வளையத்துக்கு மேலுள்ளவற்றைக் கழற்றும், நிற்பாட்டினால் மட்டும் காணாது. கொழும்புப் புழுக்கத்தில் வியர்வையால் கன்வஸ் வழுக்கும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் துடைக்க ஒருவர், கயிற்றின் இறுக்கம் பார்க்க இன்னொருவர்.

டிக்கட் அச்சடிக்க முன் மாநகர சபையில் களியாட்ட வரி பற்றி விசாரியும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். மண்டப வாடகை, வைத்தியர், அம்புலன்ஸ், மல்லர் கூலி ஆகியவற்றை டிக்கட் விற்பதற்கு முன்பே கையில் வையும். யாராவது வராவிட்டால் பெயரை வாசலிலேயே எழுதிப் போடும், கேட்பவனுக்குக் காசைத் திருப்பிக் கொடும். கூலியைப் பெயரெழுதிய உறையில் போட்டு, அன்றிரவு வளையத்தைக் கழற்றத் தொடங்கமுன் ஒவ்வொருவர் கையிலும் நீரே கொடும்.

அன்புடன்,
ஒரு பழைய ரசிகன்