ஆய்வகக் கணினியில் ஒலிக்கு எதை வைப்பது? நெல்லைக் கல்லூரிகளின் கணினிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

சூப்பர்கொலைடர், சோனிக் பை, பியூர் டேட்டா போன்ற இசை நிரலாக்க மென்பொருள்களை லினக்ஸ் ஆய்வகங்களில் நிறுவித் தருகிறீர்கள். அவற்றின் அடியில் ஒலியை ஓட்டுவது எது என்பதையும் நீங்களே முடிவு செய்து தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. மாணவர் கணக்குக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது.

சவுண்டு கார்டோடு நேராகப் பேசுவது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இருக்கும் ஆல்சா என்ற ஒலி அடுக்கு. அதன்மேல், நிரல்களின் ஒலியை வாங்கி ஆல்சாவிடம் சேர்க்கும் ஒலிச் சர்வர்கள் இரண்டு: பிரவுசருக்கும் வீடியோவுக்கும் பல்ஸ்ஆடியோ, இசைக்கு ஜாக். லினக்ஸில் சூப்பர்கொலைடர் ஜாக்கைத்தான் தேடும். பியூர் டேட்டாவும், சிசவுண்டு என்ற இன்னொரு இசை நிரலாக்க மென்பொருளும் ஆல்சாவோடு நேரடியாகவும் ஓடும். பல்ஸ்ஆடியோ கார்டைப் பிடித்திருக்கும்போது ஜாக்கைத் தொடங்கினால், சாதனம் வேறு வேலையில் இருப்பதாகப் பிழை வரும். மாணவர் சூப்பர்கொலைடரை அழித்து அழித்து நிறுவுவார். கோளாறு அங்கே இல்லை.

ஆகவே பைப்வயர் என்ற புதிய ஒலிச் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்யும். உபுண்டு 22.10 முதலும், டெபியன் 12-இன் க்னோம் மேசைத்தளத்திலும் அதுவே இயல்பாக வருகிறது. ஆனால் பைப்வயர்-ஜாக் பொதியைத் தனியே சேர்க்க வேண்டும். சூப்பர்கொலைடரை பிடபிள்யூ-ஜாக் என்ற கட்டளை வழியாகத் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் "பைப்வயரில் ஓடவில்லை" என்கிறார்கள். சூப்பர்கொலைடரின் ஒலி உருவாக்கும் சர்வர் தொடங்கியும் சத்தம் வராவிட்டால், கியூபிடபிள்யூகிராஃப் என்ற ஒலி இணைப்புகளைக் காட்டும் கருவியைத் திறந்து, சூப்பர்கொலைடரின் வெளியீடு ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உபுண்டு 22.04-ஐ மாற்ற முடியாத இடத்தில் ஜாக் போதும். பாட நேரத்தில் பல்ஸ்ஆடியோவை நிறுத்திவிடுங்கள். ஜாக் அமைப்பில் கார்டை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறியுங்கள். பல கணினிகளில் 0 என்பது எச்டிஎம்ஐ, ஒலி மானிட்டருக்குப் போய்விடும்.

அடுத்தது தாமதம், அதாவது தட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட நேரம். விநாடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில், 1024 மாதிரி கொள்ளும் இரண்டு பஃபர் (ஒலியைத் தேக்கி அனுப்பும் இடம்) வைத்தால் சுமார் 43 மில்லிவிநாடி. காற்றில் ஒலி அந்நேரத்துக்குள் கிட்டத்தட்ட 15 மீட்டர் போய்விடும். கொடை விழாவில் வில்லடிப்பவருக்கு 15 மீட்டர் தள்ளிக் குடக்காரரை உட்கார வைத்தால் தாளம் என்ன ஆகும்? டிரம் பேடைத் தட்டி உடுக்கை ஒலியை எழுப்பும் மாணவருக்கும் அதே கதிதான். 256 வைத்தால் 11 மில்லிவிநாடிக்குள் வந்துவிடும். பைப்வயரின் பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில், பஃபர் அளவைக் குறிக்கும் கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் மதிப்பை 256 ஆக்குங்கள். 0 கொடுத்தால் பழையபடி ஆகும். பேடு, கீபோர்டு எதுவும் இல்லாமல் வெறும் நிரல் எழுதும் வகுப்புக்கு 1024-ஏ நல்லது, வெட்டு விழாது.

256-இல் ஒலி டிக் டிக் என்று வெட்டினால் உடனே புதுக் கணினி கேட்க வேண்டாம். பெரும்பாலும் நிகழ்நேர முன்னுரிமை (ஒலி வேலையை மற்ற வேலைகளுக்கு முன் ஓடவிடும் உரிமை) கிடைக்காததே காரணம். டெபியனிலும் உபுண்டுவிலும் ஜாக்கை நிறுவும்போதே அதைப் பற்றி ஒரு கேள்வி வரும். இயல்பான விடை 'இல்லை'. 'ஆம்' என்று மாற்றினால் கணினியின் ஆடியோ பயனர் குழுவுக்கு ஆர்டிபிரியோ (முன்னுரிமை அளவு) 95, மெம்லாக் (நினைவகத்தைப் பிடித்துவைக்கும் அளவு) வரம்பின்மை இரண்டும் கிடைக்கும். மாணவர் கணக்குகளை அக்குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள். மாணவர் நிரல் கணினியையே முடக்கிவிடுமோ என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் நிகழ்நேர வேலைகளுக்குக் கெர்னல் இயல்பாக விடுவது ஒரு விநாடியில் 0.95 விநாடி மட்டுமே. மீதியில் நீங்கள் அந்த நிரலை நிறுத்திவிடலாம். மடிக்கணினி என்றால் மின் சேமிப்பு நிலையையும் எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கணினிக்கும் பிரதி எடுக்குமுன் ஒன்றில் இதைச் செய்து, அரை மணி நேரம் இசையை ஓடவிட்டு, பைப்வயரின் ஓட்டத்தைக் காட்டும் பிடபிள்யூ-டாப் கட்டளையின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். ஓடும்போது அது ஏறிக்கொண்டே போனால் 512-க்கு உயர்த்தி மீண்டும் சோதியுங்கள். அடுத்த பருவச் செய்முறை வகுப்புகள் தொடங்குமுன் இதை முடித்துத் தர வேண்டுகிறோம்.

அன்புடன்,
இசை நிரலாக்கம் சொல்லித்தரும் நண்பர்கள்,
பாளையங்கோட்டை