பயாப்ஸியோடு அந்தச் சோதனையும்

ஆசிரியருக்கு வணக்கம். மலக்குடல் புற்றுநோய் என்றாலே ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டோஸ்டார்லிமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் ஏற்றி முடித்த 12 பேருக்கும் கட்டி இருந்த தடமே தெரியவில்லை, யாருக்கும் கத்தி வைக்கவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது.

சரி, எல்லோருக்கும் பலிக்காது. டிஎன்ஏ பிழையைத் திருத்தும் மரபணு பழுதான, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க பயாப்ஸிக்கு எடுத்த சதையே போதுமே! ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியபின் கல்யாணப் பந்தியில் உட்காரவே கூசிய என் அப்பாவுக்கு அப்படியொரு சோதனை இருப்பதை யாரும் சொல்லவில்லை. அடுத்தமுறை எழுதும்போது எம்எம்ஆர் என்ற அதன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

– வாசகி, திருச்சி