களப்பயிற்சியோடு கூடிய ஜிஐஎஸ் படிப்பு தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வரைபடத் துறையில் வேலை தேடும் பட்டதாரிகள், பட்டயதாரிகள்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழிற்பயிற்சித் துறை

பொருள்: அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினி வரைபடத்தில் சேர்த்து ஆராயும் முறை), நில அளவை குறித்த ஓராண்டுப் படிப்பு தொடங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிவில், புவியியல், கணினி என்று வெவ்வேறு படிப்பு முடித்த நாங்கள் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். குடிநீர்க் குழாய் எங்கே போகிறது, வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த வயலில் பயிர் வாடுகிறது என்பதையெல்லாம் இன்று ஜிஐஎஸ் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்த வேலைக்குப் போக எங்களுக்கு மிகுந்த ஆசை. முறையான பயிற்சிதான் கிடைக்கவில்லை.

எங்களில் பலர் தனியார் மையங்களில் பணம் கட்டிப் படித்தவர்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதுதான் அங்கே பாடம். ஒரு கிணற்றைச் சுற்றி 500 மீட்டருக்கு பஃபர் (சுற்று எல்லை) போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லேயர் (வரைபட அடுக்கு) அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் மென்பொருள் அந்த 500ஐ டிகிரியாக எடுத்துக்கொள்ளும். பூமி மொத்தமும் வட்டத்துக்குள் வந்துவிடும். சரி, அந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். பரப்பளவுக் கணக்கில் வரும் பிழை அப்படிப் படாது. ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது பூமத்திய ரேகையில் சுமார் 111 கிலோமீட்டர். 60 டிகிரி அட்சரேகையில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் யுடிஎம் போல மீட்டரில் அளக்கும் முறைக்கு மாற்றிக்கொண்டு கணக்கிடுகிறார்கள். இந்தக் காரணத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேர்காணலில் கேட்பதோ இதைத்தான்.

களவேலையிலும் இதே நிலைதான். ட்ரோன் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தரையில் குறியிட்ட சில புள்ளிகளைத் துல்லியமாக அளந்து அதோடு பொருத்திப் பார்க்காவிட்டால், படம் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். வேலி யாருடைய நிலத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சில மீட்டர் பெரிய விஷயம். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை முக்காலியில் ஏற்றி மட்டம் பார்க்கும் பழக்கம் கைக்கு வர வேண்டுமானால் வெயிலில் நின்றே ஆக வேண்டும். வீடியோ பார்த்து அது வராது.

இந்தப் படிப்புக்கு மென்பொருள் செலவு அநேகமாக இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன; தரையில் 10 மீட்டர் அளவு வரை விவரம் காட்டும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் அப்படியே. செலவு கருவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும்தான்.

எனவே, படிப்பில் பாதி நேரத்தையாவது களத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தை அளக்கும் ஒரு ஜிஎன்எஸ்எஸ் கருவி, ஒரு டோட்டல் ஸ்டேஷன், ஒரு ட்ரோன் வேண்டும். பாடம் நடத்துபவர் களத்தில் வேலை பார்த்தவராக இருப்பது மிக முக்கியம். எங்கள் அனுபவத்தில், கருவிகளைவிட அதுதான் அரிதாகக் கிடைக்கிறது. கடைசி மூன்று மாதம் நில அளவை, குடிநீர், வேளாண்மைத் துறை அலுவலகங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி தர வேண்டும். அப்புறம், இந்தச் சான்றிதழை அரசுப் பணி நியமனத்தில் தகுதியாக ஏற்க வேண்டும்.

நாங்கள் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டத்தை இத்துடன் இணைத்துள்ளோம். வரும் கல்வியாண்டில் ஒரு நிலையத்திலாவது முதல் வகுப்பைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்

இணைப்பு: மாதிரிப் பாடத்திட்டம்