சாசருக்கு முந்தைய ஆங்கிலத்தையும் பாடமாக்குங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இப்போதுள்ள நிலை உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் சமூக வரலாறு ஒரு அலைடு பேப்பர். கவிதைத் தாள் தனி. அது பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரில் தொடங்குகிறது. வரலாற்றுத் தாளின் முதல் யூனிட்டில் ரோமானியர் போய், சாக்சன்கள் வந்து, நார்மன்களும் வந்து இறங்கிவிடுகிறார்கள். எல்லாம் இரண்டு வகுப்பு. பிள்ளைகள் கைடைப் பார்த்து 410, 597, 793, 871, 1066 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள். "ஆங்கில வரலாற்றின் தந்தை யார்?" என்று இரண்டு மார்க்குக்குக் கேட்டால் பீட் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர் என்ன எழுதினார், எந்த மொழியில் எழுதினார் என்று வினாத்தாளும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

நான் கேட்பது இதுதான். இந்தப் பின்னணியைத் தனித் தாளில் போட்டுக் காயவைக்காதீர்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினொன்றாம் நூற்றாண்டு வரையிலான ஆங்கிலப் படைப்புகளில் ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில், கவிதைத் தாளின் முதல் யூனிட்டாக வையுங்கள். வரலாறு அந்தப் படைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

கேட்மன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பீட் என்ற துறவி 731இல் லத்தீனில் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில் அது வருகிறது. விட்பி மடத்தில் மாடு பார்க்கும் வேலையாள் கேட்மன். விருந்து நடக்கும்போது யாழ் கைமாறிக் கைமாறி வரும். கையில் வாங்கியவர் பாட வேண்டும். யாழ் தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார், பாடத் தெரியாது. அப்படி ஒரு நாள் கொட்டிலுக்குப் போய்ப் படுத்தவரின் கனவில் ஒருவர் வந்து, "எனக்குப் பாடு" என்கிறார். என்னவென்று பாட? "படைப்பைப் பற்றிப் பாடு." பாடுகிறார். காலையில் மேற்பார்வையாளர் அவரை மடத்தின் தலைவி ஹில்டாவிடம் அழைத்துப் போகிறார். கற்றவர்கள் ஒரு வேதப் பகுதியை விளக்கிச் சொல்லி, இதைப் பாட்டாக்கு என்கிறார்கள். மறுநாளே பாட்டு தயார். கேட்டதையெல்லாம் மாடு அசைபோடுவதுபோல மனத்தில் அசைபோட்டுப் பாட்டாக்கினார் என்று பீட் எழுதுகிறார். மாட்டுக்காரருக்கு நல்ல உவமைதான்.

இந்த ஒரு பக்கக் கதையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்த ஒரு மடத்துக்கு அரச குடும்பத்துப் பெண் தலைவி. ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது, அயர்லாந்து வழியிலா ரோம் வழியிலா என்று 664இல் முடிவு செய்த கூட்டம் நடந்ததும் அவர் மடத்தில்தான். பண்ணையாட்கள் கூடும் விருந்திலும் யாழ் சுற்றி வருகிறது. முன்பு வீரர்களைப் பாடிய மோனை யாப்பு இப்போது கடவுளைப் பாடுகிறது. அப்புறம், பீட் தம் நூலில் கேட்மன் பாட்டின் லத்தீன் சாரத்தை மட்டுமே கொடுத்தார். ஆங்கில மூலத்தைப் பிரதி எடுத்தவர்கள் பக்க ஓரத்திலும் கடைசிப் பக்கத்திலும் குறித்து வைத்தார்கள். ஆங்கிலக் கவிதையின் தொடக்கம் என்று நாம் சொல்லும் ஒன்பது வரிகள் அப்படித்தான் பிழைத்தன. மதம் மாறியது, எழுத்து வந்தது, வாய்மொழி ஏட்டில் ஏறியது எல்லாம் இதில் இருக்கிறது. நம் தாளில் இதற்கு, ரோமிலிருந்து கிறித்தவத்தைப் பரப்ப வந்தவரைப் பற்றி, '597: அகஸ்டின் வருகை' என்று ஒரே ஒரு வரி.

அந்த யாழ் எப்படி இருந்திருக்கும் என்று மாணவர் கேட்டால் காட்டவும் முடியும். 1939இல் சஃபக் மாவட்டத்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது, சுமார் 27 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்றின் தடம் மண்ணில் அப்படியே கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அரசனைப் பொருள்களோடு கப்பலில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அதில் நீர்நாய் போன்ற பீவரின் தோல் பையில் வைத்த மேப்பிள் மர யாழின் துண்டுகளும் இருந்தன. முதலில் அதை ஹார்ப் என்று நினைத்து ஒட்டிவைத்தார்கள், பிறகுதான் லைர் வகை என்று தெரிந்து திருத்தினார்கள். பேவுல்ஃப் காவியத்தின் தொடக்கத்தில் ஸ்கில்ட் என்ற அரசனின் உடலைச் செல்வங்களோடு கப்பலில் ஏற்றிக் கடலில் விடும் காட்சியைச் சட்டன் ஹூ படங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அது வெறும் கற்பனை இல்லை என்று சொல்லாமலே புரியும். அங்கே கிடைத்த தங்க அணிகளில் பதித்த சிவப்புக் கற்கள் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போயிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பேவுல்ஃப் இங்கிலாந்தில் எழுதப்பட்ட 3182 வரிக் காவியம். ஆனால் கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும். கதை மாந்தர் பழைய தெய்வங்களை வணங்குபவர்கள், பாடும் கவிஞரோ கிறித்தவர். இந்த முரண்பாட்டை விளக்கப் புறப்பட்டாலே கடல் தாண்டி வந்து குடியேறிய மக்களின் வரலாறு முழுவதும் வந்துவிடும்.

ஆல்ஃபிரட் அரசரை நம் தாள் ஒரு போர்வீரராகவே நிறுத்திவிடுகிறது. 878இல் டென்மார்க் பக்கமிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளான டேனியரை வென்றார், சரி. அவர் கிரிகோரி போப்பின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது எழுதிய முன்னுரையை மாணவர்கள் படிக்க வேண்டும். தான் பட்டத்துக்கு வந்தபோது தேம்ஸுக்குத் தெற்கே லத்தீன் புரிந்த ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை என்கிறார். வைக்கிங் படையெடுப்பில் மடங்கள் எரிந்தன, படித்தவர்கள் போனார்கள். அதனால் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய நூல்களை எல்லோருக்கும் புரியும் மொழியில் தர முடிவெடுக்கிறார். ஆங்கில உரைநடை இந்த நெருக்கடியிலிருந்து வளர்ந்தது. அவர் காலத்து ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் என்ற ஆண்டுக் குறிப்பேட்டில் 883ஆம் ஆண்டுக் குறிப்பு, இந்தியாவில் புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பியதாகச் சொல்கிறது. சில பிரதிகளில் அது யூதேயா என்று இருப்பதால் நான் மயிலாப்பூரைப் பெரிதாகப் பேசமாட்டேன். ஆனால் வகுப்பில் சொன்னால் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மால்டன் போர்ப் பாட்டைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். 991இல் எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் நடந்த போர். பொன் கொடுத்தால் போய்விடுகிறோம் என்கிறது வைக்கிங் தூது. திறையாக ஈட்டியைத் தருகிறோம், வாங்கிக்கொள் என்கிறார் தலைவர் பிர்ட்னாத். பிறகு குறுகலான பாதையைத் தாண்டிவர எதிரிக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்தப் போரிலேயே சாகிறார். சிலர் ஓடுகிறார்கள், சிலர் தலைவன் பக்கத்திலேயே செத்துவிழுகிறார்கள். புறநானூறு படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது அடுத்த செய்தியைத்தான்: அதே ஆண்டு வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு திறை கட்டப்பட்டது என்று நாளாகமம் பதிவு செய்கிறது. பாட்டையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள்.

இந்தப் பாட்டும் தொங்கலில்தான் தப்பியது. மடங்களை எட்டாம் ஹென்றி கலைத்தபோது சிதறிய ஏடுகளில் பலவற்றை ராபர்ட் காட்டன் சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பு இருந்த லண்டன் வீடு 1731 அக்டோபர் 23 அன்று தீப்பிடித்தது. மால்டன் ஏடு எரிந்துபோனது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நகல் எடுத்திருந்ததால் தலையும் வாலும் இல்லாத 325 வரிகள் நமக்கு மிஞ்சின. பேவுல்ஃபின் ஒரே ஏடும் அதே வீட்டில்தான் இருந்தது. ஓரம் கருகி, அதற்குப் பிறகு தொட்டபோதெல்லாம் எழுத்து உதிர்ந்தது. ஐஸ்லாந்துக்காரர் தோர்கெலின் அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்து நகல் எடுத்துப் போனதால், இன்று ஏட்டில் இல்லாத எழுத்துகள் பல தெரிகின்றன. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கியபோது அவர் வீடும் எரிந்தது. நகல்கள் மட்டும் தப்பின. காவியம் முதன்முதலில் அச்சானது 1815இல், கோபன்ஹேகனில். லண்டனில் அல்ல!

பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066 பற்றி அதிகம் சொல்லவில்லை, அது எல்லாக் கைடிலும் இருக்கிறது. ஒன்று மட்டும்: அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. பிரெஞ்சு பலருக்குப் புரியவில்லை, வழக்கை ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்று சட்டம் போட 1362 ஆனது. சாசர் அந்தத் தலைமுறைக்காரர்.

'காலனியப் பாடத்திட்டத்தில் இன்னும் கொஞ்சம் இங்கிலாந்தா?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த இங்கிலாந்துக்குச் சாம்ராஜ்யம் கிடையாது. அடிபட்டு, கப்பம் கட்டி, எழுத்தையே வெளியிலிருந்து வாங்கிய ஊர் அது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். ஆங்கிலம் என்றாலே வாய் அடைத்துப்போகிறவர்கள். மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாட்டையும், சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே இடம் கிடைக்காத ஆங்கிலத்தையும் அவர்கள் பார்க்கட்டும். சாசரிலும் ஷேக்ஸ்பியரிலும் தொடங்கினால் அந்த மொழி பிறக்கும்போதே கிரீடத்தோடு பிறந்ததாகத்தான் தோன்றும்.

ஆசிரியர்களுக்குப் பழைய ஆங்கிலம் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். எனக்கும் அகராதி இல்லாமல் படிக்க வராது. மொழிபெயர்ப்பு போதும், காப்புரிமை முடிந்தவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இடம் இல்லை என்றால் நாவல் தாளில் இருக்கும் மூன்று தடிப் புத்தகங்களில் ஒன்றை எடுங்கள். யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

வினாத்தாளையும் கூடவே மாற்ற வேண்டும். "பீட் யார்?" என்பதற்குப் பதில், "யாழ் தன்னிடம் வரும் முன் கேட்மன் ஏன் எழுந்து போனார்? அந்த விருந்திலிருந்து அக்காலச் சமூகத்தைப் பற்றி என்ன தெரிகிறது?" என்று பத்து மார்க்குக்குக் கேளுங்கள். இந்த வகையில் ஒரு யூனிட்டுக்கான பாடப் பகுதிகளும் மாதிரி வினாக்களும் தயாராக வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன் துறைத் தலைவர் வழியாக உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரியின் ஆங்கில ஆசிரியர்