கானாப் பாடகரைச் சாவு வீட்டுப் பந்தலில் கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கும் இயல் இசை நாடக மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையின் புளியந்தோப்பில் பிறந்து, எங்கள் தெருக்களின் சாவு வீடுகளில் பாடும் கானாப் பாட்டைக் கேட்டே வளர்ந்தவன் எழுதுகிறேன். இசையமைப்பாளர் தேவாவின் இசையில் கானா திரையில் புகழ் பெற்றது. 2018இல் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அதை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தது. இரண்டிலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் திரையிலும் மேடையிலும் கேட்பது பெரும்பாலும் கட்டி முடித்த பாட்டு. கானாப் பாடகரின் வித்தையோ பாட்டைக் கட்டும் இரவில் இருக்கிறது.

சாவு விழுந்த வீட்டுக்கு அவர் வருவார். டீ குடித்தபடியே விசாரிப்பார்: என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், யார்மேல் உயிராக இருந்தார், யாரோடு பேச்சு இல்லை? அவ்வளவுதான். டோலக் தொடங்கியதும் கேட்டறிந்த அத்தனையும் எதுகையோடு வந்து விழும். கையில் காகிதம் இருக்காது. பின்பாட்டுக்காரர்கள் ஓர் அடியைத் திருப்பிப் பாடி முடிப்பதற்குள் அடுத்த அடி தயாராக வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் பெரியப்பா இறந்தபோது, சொத்துத் தகராறில் பல ஆண்டுகள் பேசாதிருந்த என் சித்தப்பா தெருமுனையிலேயே நின்றுவிட்டார். அதை யாரோ பாடகரின் காதில் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணன் காசிமேட்டுக் கடலைக் காட்டிய கதையை அவர் பாட்டில் வைத்தார். தம்பியின் பெயரைச் சொல்லியே அழைத்தார். சித்தப்பா பந்தலுக்குள் வந்து பெரியப்பாவின் காலடியில் விழுந்தார். ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ முறை பேசியும் நடக்காத காரியம் அது. இதைச் செய்பவரைக் கவிஞர் என்று அழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

பழைய பாடகர்கள் பலர் தங்கள் மரபை, 1838இல் மறைந்து வடசென்னையிலேயே அடங்கிய சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவிடமிருந்து தொடங்கிச் சொல்வார்கள். நிலையாமையைப் பாடும்போது சித்தர் பாடலின் சாயல் தானாகவே வந்துவிடும்.

இந்தக் கலைக்குத் தெரு வேண்டும். இறந்தவரை அறிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் பாடகர் பாதி சொன்னதும் மீதி அவர்களுக்குப் புரியும், அடுத்த அடிக்குச் சேதியும் அவர்களிடமிருந்தே வரும். 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் தெற்கே உள்ள கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் நகரத்துக் குடிசைப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மாற்றப்பட்டார்கள். ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் வேறுவேறு பிளாக்குகளில் சிதறினார்கள். அடுத்த வீட்டில் செத்தவர் யாரென்றே தெரியாத இடத்தில் பாடகர் யாரிடம் போய் விசாரிப்பார்? வீடு மாற்றித் தரும் கணக்கில் இந்த இழப்பு எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

ஆகவே கேட்கிறேன். மூத்த கானாப் பாடகர்களைப் பதிவு செய்யுங்கள், ஆனால் ஸ்டுடியோவுக்கு அழைக்காதீர்கள். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, காரியம் நடக்கும் வீட்டுக்கே வாருங்கள். பாட்டை மட்டுமல்ல, அதற்கு முன் நடக்கும் விசாரிப்பையும் பதியுங்கள். எந்தச் சேதி எந்த அடியாக மாறியது என்பது பின்னால் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதை அறிவேன். மைக் இல்லாமல், சட்டியும் கைத்தாளமும் வைத்துப் பாடிப் பழகியவர்கள் அவர்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டே பதியலாம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்களைச் சேர்க்கவும் தெருவுக்கே ஆள் அனுப்புங்கள். வாழ்நாள் முழுதும் சாவு வீட்டில் பாடியவரிடம் அழைப்பிதழோ சான்றிதழோ இருக்காது. அவர் பாட்டைக் கேட்ட தெருவே சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாடகர்களின் வீடுகளுக்கு வழிகாட்ட எங்கள் பகுதி இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். எந்த நாளில் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புளியந்தோப்புவாசி ஒருவன்